பின்தட்டுக்குள் ஒளித்த பாட்டு

வர்க்கிச் சேட்டனுடைய அம்பாசடர் டிக்கிக்குள் நான் மல்லாந்து கிடந்தேன். வெளியே தெரிந்தது என் கால்கள் மட்டும்தான். வாயில் டார்ச் லைட், கையில் பென்சில். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பின்சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற பின்தட்டுத் தகட்டின் அடிப்பக்கம். அதில் எந்த இடத்தில் அறுத்தால் ஸ்பீக்கர் உட்காரும் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா வந்தாள். முகம் தெரியாததால் என் கால்களைப் பார்த்துப் பேசினாள்.

"ஏலே சம்முவம், திங்கக்கிழம வாறியா இல்லியா?"

வாயில் டார்ச் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. டார்ச் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"காலு ஆடுது. ஆளு உசிரோடத்தான் இருக்கான்" என்று அம்மா பக்கத்தில் நின்ற கோமதியிடம் சொன்னாள்.

கோமதி என் தங்கை. பிள்ளைகளா, உங்கள் அத்தை. அவள் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை டயர் பக்கத்தில் வைத்துவிட்டு, என் காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

மழை விட்டிருந்தது. ஆனால் மட்டாஞ்சேரியில் மழை விட்டாலும் கூரை விடாது. பூட்டிக் கிடந்த ஒரு அரிசிக் கிட்டங்கியின் ஓரம் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில்தான் வண்டியை நிறுத்தியிருந்தேன். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் ஏதோ ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா விட்டுப்போன இடம்

அந்த மழைக்காலம் தொடங்கியபோதுதான் அப்பா இறந்துபோயிருந்தார். உங்கள் தாத்தாவை நீங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். நகரத் துப்புரவு வேலை. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்ததும் அதே வேலையில்தான்.

வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். அப்பாவோடு வேலை பார்த்த அந்தோணி மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து, சேரப்போவது யார் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு தடவைதான் கொடுப்பார்கள். வேண்டாம் என்று விட்டாலும், சேர்ந்த பிறகு விட்டுவிட்டு ஓடினாலும், அத்தோடு போயிற்று.

யார் என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. ஆம்பிளைப் பிள்ளை நான் ஒருவன்தான்.

அப்பா வேலையை நான் கேவலமாக நினைத்தேனா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பளத்தில் சோறு தின்று வளர்ந்தவன் நான். அப்பா வேலை முடிந்து வந்தால் நேராகத் தெருக்குழாயடிக்குப் போய்க் குளிப்பார். குளித்து, வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு பூசிய பிறகுதான் எங்களைத் தொடுவார். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால், "பொறுலே, பொறுலே" என்று பின்னால் போவார். அப்படிப் பின்வாங்கிய அப்பாவை இன்றைக்கும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், வளர்ந்து என்ன ஆகப்போகிறாய் என்று சார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பின் பெஞ்சில் இருந்து ஒருவன், "அவனுக்கு எந்தா சாரே, அவன்டெ அப்பன்டெ ஜோலி உண்டல்லோ" என்றான். அவனுக்கென்ன, அவன் அப்பன் வேலைதான் இருக்கிறதே என்று. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவனுக்கு. சாரும் சிரித்துவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். நான் சொல்ல நினைத்தது என்ன என்று எனக்கே இப்போது தெரியாது. ஆனால் அதைச் சொல்ல விடவில்லையே என்ற அரிப்பு மட்டும் போகவே இல்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, தினமும் போட் ஏறி எர்ணாகுளத்துக்குப் போய், ஒரு சீட் கவர் கடையில் வேலை பழகினேன். ரெக்சின் வெட்டுவது, ஸ்பாஞ்ச் ஒட்டுவது, பழைய சீட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுவது. முதலாளி நல்லவர். ஆனால் என்ன தைத்தாலும் கடையின் பெயர்தான். எனக்கென்று ஒரு வேலை செய்து பார்க்க வேண்டும் என்று உட்கார முடியாமல் திரிந்த காலத்தில்தான் வர்க்கிச் சேட்டன் கூப்பிட்டார்.

ஒளிக்க வேண்டிய காரணம்

வர்க்கிச் சேட்டன் மிளகு புரோக்கர். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே நிற்கிற ஆள். குமுளிக்கும் போடிக்கும் போய்ப் போய், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். அவர் வண்டியின் டிக்கியில் எப்போதும் சாம்பிள் பைகள் கிடக்கும். மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த மிளகு, சுக்கு, அதற்கும் முந்தின வருஷத்துச் சுக்கு. அந்தப் பைகளை அவர் இறக்கி நான் பார்த்ததே இல்லை.

அவருக்குப் பாட்டு என்றால் உயிர். முன்னால் டேப் இருந்தது. ஆனால் அதன் சின்ன ஸ்பீக்கர் தகர டப்பாவில் கொசு பாடுகிற மாதிரி பாடும். பின்னால் பெரிய ஓவல் ஸ்பீக்கர் இரண்டு வேண்டும், ஆனால் அது இருப்பது ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்றார்.

அந்தக் காலத்தில் பின்தட்டில் ஸ்பீக்கர் வைத்தவர்கள் எல்லாம் அதை ஊரே பார்க்கட்டும் என்று வைத்தவர்கள். கறுப்புப் பெட்டியில், பளபளவென்று பெயர் எழுதி, பிரேக் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி. மற்றவர்கள் வீட்டில் இடமில்லாததை எல்லாம் பின்தட்டில் வைப்பார்கள். தலையாட்டுகிற நாய்ப் பொம்மை, குடை, வேளாங்கண்ணி மாதா, கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. பின்தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

சேட்டனின் பயமும் அதுதான்.

"ஷண்முகா, எங்க தெருவில ஒரு சொல் உண்டு. பாட்டுப் பெட்டி வெச்ச வண்டியில வர்ற புரோக்கருக்குத் தராசில கண்ணு நிக்காது. பார்ட்டி பின்னால உட்காரும். கையால தடவிப் பார்த்தாலும் தெரியக் கூடாது, கேட்டோ?"

சரியாக வந்தால் தன் வண்டியோடு நிற்காது என்றும் சொன்னார். பஜார் ரோட்டில் ஒரு புரோக்கர் செருப்பு மாற்றினால் மற்ற புரோக்கர்களும் மாற்றுவார்கள். எனக்கு அது தெரியும். ஒரு பின்தட்டு சரியாக அமைந்துவிட்டால், அதற்குப் பிறகு நான் போட் ஏற வேண்டாம். தார்ப்பாய்க்கு அடியிலேயே என் கடை.

அதனால்தான் டிக்கியில் இருந்து இறங்கிய அன்று மாலை அம்மாவிடம் நானே ஒரு பந்தயம் வைத்தேன். திங்கட்கிழமைக்குள் சேட்டன் இந்தப் பின்தட்டைச் சரி என்று சொல்லிவிட்டால் நான் வேலைக்குப் போகமாட்டேன். சரியில்லை என்றால், மறுபேச்சுப் பேசாமல் அப்பா இடத்துக்குப் போகிறேன்.

அம்மா அப்பா படத்தைப் பார்த்தாள். "அந்த மனுசன் முன்னால சொல்லுதே. ஞாபகம் வச்சுக்கோ" என்றாள்.

காகிதமும் ரம்பமும் துணியும்

முதலில் காகிதம். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, பின் கண்ணாடிக்கு அடியில் விரித்து, கண்ணாடியின் வளைவை விரலால் அழுத்தி எடுத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. நான்தான் கோணலாக எடுத்துவிட்டேன் என்று மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் அப்படியே. வண்டியே அப்படித்தான் இருந்தது. எத்தனை இடி வாங்கிய வண்டியோ.

பிறகு பழைய அட்டையைக் கழற்றி, அடியில் இருந்த தகட்டில் ஸ்பீக்கருக்கு இடம் அறுத்தேன். அதன் மேல் வைக்கப் பிளைவுட். காகிதத்தை வைத்துக் கோடு போட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். ஸ்பீக்கர் முட்டை வடிவம். முட்டை வடிவத்தைக் கையால் அறுப்பது இட்லித் தட்டை வைத்து வட்டம் வரைந்து அறுப்பது மாதிரி இல்லை. இரண்டு முனையிலும் ரம்பம் திமிறும். ஸ்பீக்கரைப் பலகையின் அடியில் இருந்து திருகு போட்டு மாட்டினேன். மேலே இருந்து பார்த்தால் அதன் வளையம் பலகை மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி போர்த்தியதும் கன்னத்தில் மிட்டாய் ஒதுக்கின மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும்.

ரெக்சின் போர்த்தினால் பாட்டு வெளியே வராது. சல்லடை மாதிரி நெய்த, ஆனால் ஓட்டை தெரியாத துணி வேண்டும். சீட்டின் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி அப்படி ஒரு துணியை எர்ணாகுளம் முழுக்க அலைந்து பிடித்தேன். அகலம் பத்தவில்லை. நடுவில் ஒரு தையல் போட்டாக வேண்டும். கோமதிக்கு வீட்டில் தையல் மிஷின் இருந்தது. தையல் எங்கே என்று நானே தேடும்படி தைத்துக் கொடுத்தாள்.

தைக்கும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஆபீசில் சேர்ந்தால் முதலில் தெருவில்தான் விடுவார்களா, பத்தாவது முடித்தவர்கள் பிறகு மேலே போக வழி இருக்கிறதா என்று. நான் எங்கே பத்தாவது முடித்தேன்? கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, "பேசாம தையி" என்றேன். மிஷின் ஓடியது.

துணியை ஈரமாக்கி இழுத்து ஒட்டினேன். ஈரம் காய்ந்ததும் அது முரசுத் தோல் மாதிரி இறுகியது. சேட்டன் வந்து கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை. பிறகு திரும்பவும் ஒருமுறை.

"ஸ்பீக்கர் வெச்சியா, இல்ல மறந்துபோயோ?" என்றார்.

நான் டேப்பைப் போட்டேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். வேதக் கோயிலில் பூசை கேட்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் ஒரு பார்ட்டி ஏறி இறங்கிய பிறகுதான் சரி என்று சொல்வேன் என்றார்.

மூச்சு

இங்கேதான் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கடைகளில் விற்கிற ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாக யோசித்தேன். நாதஸ்வரம் ஊதுகிறவருக்கே நடுவில் மூச்சு வேண்டும், ஸ்பீக்கர் மட்டும் எப்படி மூச்சு விடாமல் பாடும்? அதனால் ஸ்பீக்கருக்கு இரண்டு பக்கமும், துணிக்கு அடியில், வரிசையாகத் துளைகள் போட்டேன். டிக்கியில் இருந்து காற்று மேலே வரட்டும் என்று. போட்டதும் மேளச் சத்தம் நன்றாகத்தான் இறங்கியது. எனக்கு ஒரே பெருமை.

சோதனை பார்க்காமல் விடவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்தேன். கோமதியை உட்காரவைத்தேன். எதிர்க் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் சத்தமாகப் பாட்டுப் போட்டேன். எல்லோரும் ஜோர் என்றார்கள். அம்மா மட்டும், பாட்டு முதுகில் வந்து குத்துகிறது என்றாள்.

பிள்ளைகளா, நாங்கள் எல்லோரும் மட்டாஞ்சேரிக்காரர்கள். இந்தத் தெருவில் மிளகு வாசனை என்று தனியாக ஒன்று கிடையாது. எங்களுக்குக் காற்று என்றாலே அதுதான். தாய்ப்பாலோடு சுக்குத் தூளையும் இழுத்து வளர்ந்த மூக்குகள். மிளகு புடைக்கிற முற்றத்தில் பிள்ளைகள் படுத்துத் தூங்கும். மழை நாளில் பழைய கிட்டங்கிக் கதவைத் திறந்தால் வெளியூர்க்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பில் இருந்து என் பின்தட்டுக்கு ஒரு பாடம் எடுக்க எனக்குத் தெரியவில்லை.

டிக்கியில் இருந்த பைகளை நான் ஓரமாக ஒதுக்கினேனே தவிர இறக்கவில்லை. பைகளுக்கு அடியில் பாய், பாய்க்கு அடியில் எத்தனையோ வருஷத்து மிளகுத் தூசி.

பாலத்தில்

சனிக்கிழமை சேட்டனுக்கு ஒரு பெரிய பார்ட்டி வந்தது. வடக்கே இருந்து ஒரு வியாபாரியும் அவர் மனைவியும். எர்ணாகுளம் ஓட்டலில் இருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்துகொண்டிருந்தார். நான் முன்சீட்டில். எதற்கு நான் என்றால், வழியில் ஏதாவது கழன்றுகொண்டால் பார்க்க. பாட்டு மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பித் திரும்பித் தேடினார். பின்தட்டில் சாய்ந்துகொண்டே தேடினார். சேட்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கும்படி அந்த அம்மா கையால் சைகை காட்டினார். சேட்டன் திருகினார்.

தோப்பும்படிப் பாலத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றினோம். பாலத்தில் லாரிகள். நகரவில்லை.

முதலில் வியாபாரி தும்மினார். பிறகு அந்த அம்மா. மழைச் சாரலால் வந்த சளி என்று நான் நினைத்தேன். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து. மேளம் விழுகிற ஒவ்வோர் அடிக்கும் பின்தட்டு ஒரு ஊது ஊதியது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற வண்டியின் விளக்கு வெளிச்சத்தில், அவர்கள் தலைக்குப் பின்னால், என் துணி மிளகுத் தூசியாய் மெல்லிசாகப் புகைந்துகொண்டிருந்தது.

தும்மலோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கதவைத் திறந்துகொண்டு பாலத்தில், மழையில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணும் மூக்கும் ஊற்றின. வியாபாரி பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டே, தும்மிக்கொண்டே, எங்களைப் பார்த்தார். பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் குடையை வாங்கிக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு சரியாயிற்று. ஆனால் அவர்கள் திரும்ப எங்கள் வண்டியில் ஏறவில்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்து ஓட்டலுக்குப் போய்விட்டார்கள்.

சேட்டன் வண்டியை மட்டாஞ்சேரிக்கு ஓட்டினார். டேப்பை அணைக்கக்கூட மறந்துவிட்டார். வண்டியைத் தார்ப்பாய் ஓரம் நிறுத்திவிட்டுத்தான் பேசினார்.

"பழைய அட்டை இருக்கில்ல? அதை எடுத்து மாட்டு. இது எனக்கு வேண்டா, மோனே."

திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மகனே என்கிற மாதிரி அவர் மோனே என்றதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று. அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள், "சோறு போடட்டுமா" என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும்போல இருந்தது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

ஆபீசில்

அப்பாவுடைய வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். தோள் பெரிதாக இருந்தது. அம்மாவோடு கோமதியும் கூட வந்தாள். மலையாளம் தப்பில்லாமல் எழுத எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். எந்த ஆபீசுக்குப் போனாலும் எழுதுவதற்கு அவள் வந்துதான் ஆக வேண்டும். அதனால் அவள் பையோடு கிளம்பியதை யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆர்க்கா ஜோலி என்று கேட்டார். வேலை யாருக்கு என்று.

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"எனக்கு" என்றாள் கோமதி.

பையில் இருந்து பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எழுத வந்தவள் எழுதினால் போதும் என்றாள்.

"ஏம்மா, யாராச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா? அப்பா செத்ததுலருந்து இந்த வீட்டுல அந்த வேலையப் பத்தியே பேச்சு. எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பொம்பளப் புள்ள தெருவுல தூத்துக்கிட்டு நடந்தா எவன்டி கெட்டுவான்?"

"மாசம் பொறந்தா சம்பளம் வாங்குதவள வேண்டாம்னு சொல்லுதவன் எனக்கும் வேண்டாம். அங்க நாலு பொம்பளைங்க வேல பாக்காமலா இருக்காங்க?"

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், நான்தான் சேர வேண்டும் என்று முனகினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"அண்ணே, நீ கால்ல வெந்நி ஊத்துன மாதிரி நிக்க. பத்து நாள் வருவ, அப்புறம் ஓடிப்போவ. நீ ஓடினா அந்த வேலை நமக்கு யாருக்குமே இல்ல. நான் ஓடமாட்டேன். எனக்கு இது புடிச்சிருக்கு."

மேசைக்குப் பின்னால் இருந்த மேடம், குடும்பத்துக்குள் பேசி முடித்துவிட்டு வரச் சொன்னார். வராந்தாவில் நின்று பேசினோம். பேசியது கோமதி மட்டும்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் உள்ளே போய், மகள் சேர்வதில் தனக்குச் சம்மதம் என்று கைநாட்டு வைத்தாள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் அத்தை முதல் இரண்டு வருஷம் தெருவில்தான் வேலை பார்த்தாள். இன்றைக்கு மற்றவர்களை வேலைக்கு அனுப்புகிற இடத்தில் இருக்கிறாள். அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்களே, அந்த ஸ்கூட்டர் இந்தச் சர்டிபிகேட்டில் இருந்து வந்தது.

அன்றைக்கு எனக்கு விடுதலை கிடைத்துவிட்டதே, துள்ளிக் குதித்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? ஆபீஸ் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இத்தனை நாள் எது கெட்டாலும் அப்பா வேலை இருக்கிறது என்ற ஒரு தைரியத்தில்தான் அதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இப்போது அது என்னுடையது இல்லை. இனிமேல் தோற்றால் போய் நிற்பதற்கு இடம் கிடையாது.

நேராக வர்க்கிச் சேட்டன் கடைக்கு நடந்தேன்.

புது மூக்கு

சேட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். பின்தட்டை இன்னும் நான் கழற்றவில்லை. கழற்றாமல் சரிசெய்ய ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டேன். அவர் சாயா முழுவதையும் குடித்து முடித்தார். எத்தனை கழுவினாலும் அந்தத் தூசி போகாதுடா என்றார். அப்புறம் சாவியை என் பக்கமாகத் தள்ளினார்.

முதல் வேலையாக டிக்கியைக் காலி செய்தேன். பைகளை இறக்கினேன், பாயை எடுத்தேன், தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சுத் துளைகள் எல்லாவற்றையும் மரக்கட்டை செதுக்கி அடைத்தேன். பிறகு தேயிலைப் பெட்டிப் பலகையில், ஸ்பீக்கரின் முதுகை முழுவதுமாக மூடுகிற மாதிரி, ஆளுக்கொரு சின்னப் பெட்டி செய்து அடியில் இருந்து மாட்டினேன். இடுக்குகளில் வள்ளக்காரர்கள் படகுப் பலகைக்கு நடுவே அடைக்கிற மாதிரி பஞ்சும் தாரும் வைத்து அடைத்தேன். தண்ணீர் புகாத இடத்தில் தூசியும் புகாது என்று ஒரு கணக்கு. இனி அந்த டிக்கியில் சாம்பிள் பைகளை எப்படிக் குலுக்கினாலும் மேலே வராது.

மேளம் முன்னை மாதிரி இறங்கவில்லை. அடக்கமாகத்தான் வந்தது. பரவாயில்லை.

சாம்பிள் பைகளைத் திரும்ப ஏற்றினேன். சோதனைக்கு அம்மாவையும் மூட்டை சுமக்கிறவர்களையும் கூப்பிடவில்லை. எனக்கு மட்டாஞ்சேரி அல்லாத ஒரு மூக்கு வேண்டும்.

போட் ஜெட்டி பக்கத்தில் ஒரு சாயாக்கடைக்கு உசிலம்பட்டிப் பக்கம் இருந்து ஒரு பரோட்டா மாஸ்டர் புதிதாக வந்திருந்தார். வந்ததில் இருந்து மனிதர் தும்மிக்கொண்டே இருந்தார். மாவில் தும்மிவிடுவாரோ என்று முதலாளிக்குப் பயம். அவரிடம் போய், காரில் ஒரு சவாரி வரமுடியுமா, பின்சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன்.

"சும்மா உக்கார யாருண்ணே கார் தருவா? என்ன சமாச்சாரம்?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார், சிரிக்கும்போதே தும்மினார்.

சேட்டன்தான் வண்டி ஓட்டினார். நான் பக்கத்தில். கிட்டங்கித் தெருவிலேயே வைத்துப் பார்த்தால் தும்மல் எதனால் என்று தெரியாது. அதனால் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போய், கதவுகளைத் திறந்துபோட்டு, அவர் மூக்கு ஆறட்டும் என்று காத்திருந்தோம். கடல் காற்றில் கடைசியாக ஒன்று தும்மினார். அப்புறம் இல்லை. சேட்டன் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொன்னார். டேப்பைப் போட்டு, பாலத்தில் வைத்ததைவிடச் சத்தமாகத் திருகினார்.

நான் கண்ணாடி வழியாக மாஸ்டரின் மூக்கையே பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. மேளம் விழுந்தது. மூக்கு அசையவில்லை. இன்னொரு பாட்டு வந்தது. காருக்குள் புழுங்கியது. அவர் மூக்கின் ஓரம் ஒருமுறை சுருங்கியது. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தேன். அவர் விரலால் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு பின்தட்டில் தலையைச் சாய்த்தார். ஸ்பீக்கரின் மேலேயே சாய்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

ராத்திரி முழுக்கப் பரோட்டா போட்ட மனிதர். நல்ல தூக்கம். மூச்சு ஏறி இறங்கியது, அத்தனை மேளத்துக்கும் நடுவில்.

பாட்டு முடிந்து டேப் டக்கென்று நின்றது. எழுப்பட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். சேட்டன் திரும்பி, தூங்குகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் தலைக்கு அடியில் இருந்த துணியையும் பார்த்தார்.

"எழுப்பாதே" என்றார். "கேசட்டைத் திருப்பிப் போடு."